குரல்வளை எடுத்த பிறகு பேச்சு: கருவியா, ஏப்பக் குரலா, வால்வா?

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால், மூச்சுக்குழாயின் நுனியைக் கழுத்தின் முன்பக்கம் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அதன்பின் மூச்செல்லாம் அந்தத் துளை வழியாகத்தான். நாக்கும் உதடும் பழையபடி வேலை செய்யும். அதிர்வு மட்டும் இருக்காது. அதை எங்கிருந்து வாங்குவது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

எலக்ட்ரோலாரிங்ஸ் என்பது பேட்டரியில் ஓடி, ரீங்காரத்தோடு அதிரும் கைக்கருவி. அறுவை முடிந்த சில நாளிலேயே பேசலாம். தாடைக்குக் கீழே, சதை மெத்தென்று இருக்கும் இடத்தில் அதன் முகத்தை முழுதாகப் பதிய வைக்க வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்டால் ரீங்காரம் வெளியே கசிந்து பேச்சை அமுக்கிவிடும். கழுத்து வீங்கியிருந்தாலோ கதிர்வீச்சில் இறுகியிருந்தாலோ ஒலி உள்ளே போகாது. அப்போது மெல்லிய குழாயை மாட்டி வாயோரம் வைத்துக்கொள்ளலாம். இயந்திரக் குரல்தான், ஒரு கையும் அதற்கே போய்விடும். தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு: ரீங்காரம் ஓயாததால் ‘படம்’, ‘பட்டம்’ இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். ஒற்று வரும் இடத்தில் நாக்கை ஒரு கணம் கூடுதலாக அழுத்திப் பிடித்தால் கேட்பவருக்கு வித்தியாசம் பிடிபடும்.

ஏப்பக் குரலுக்குச் செலவில்லை, இரு கையும் சும்மா இருக்கும். வாயில் காற்றை அடைத்து, நாக்கால் உணவுக்குழாயின் மேல்பகுதிக்குத் தள்ளி, வயிற்றுக்குள் இறங்குமுன் ஏப்பம்போல வெளியே விட வேண்டும். அங்கே தங்கும் காற்று அதிகம் போனால் 80 மில்லி. அதனால் நாலைந்து சொல்லுக்கு மேல் ஒரு மூச்சில் வராது. பலரும் காற்றை விழுங்கிவிட்டு வயிறு உப்புசத்தோடு நிற்பார்கள். அழுத்திப் பேச முயன்றால் கழுத்துத் துளையிலிருந்து வரும் ‘புஸ்’ சத்தம் பேச்சையே மூடிவிடும். மாதக்கணக்கில் பழகியும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இதை மட்டும் நம்பி மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

குரலில் வால்வை அடிக்க ஆளில்லை. சிங்கரும் ப்ளோமும் 1980-இல் அமெரிக்காவில் வெளியிட்ட முறை இது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுச்சுவரில் சிறு துளையிட்டு, ஒருவழி சிலிக்கோன் வால்வைப் பொருத்துவார்கள். கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சை விட்டால் அது வால்வு வழியே உணவுக்குழாய்க்குள் போய் அங்கே அதிரும்; நுரையீரல் காற்றிலேயே பேச்சு வரும். நீளமாக, உரக்க, போனிலும் புரியும்படி.

தொல்லை பராமரிப்பில் இருக்கிறது. காலையும் இரவும் கண்ணாடி முன் நின்று, டார்ச் அடித்து, அதற்கென்று தரும் பிரஷை வால்வுக்குள் நுழைத்துச் சுழற்றிச் சளியை எடுக்க வேண்டும். இத்தனை செய்தாலும் சிலிக்கோன்மேல் பூஞ்சை படரும், மூடி சரியாக மூடாது. தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால் சந்தேகப்படுங்கள். நிறமுள்ள பானம் ஒரு வாய் குடித்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்: நடுவில் கசிந்தால் வால்வு தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். சுற்றிலும் கசிந்தால் அளவு பொருந்தவில்லை. புது வால்வு மட்டும் அதைத் தீர்க்காது. பலருக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். வெளிநாட்டு வால்வு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். பெங்களூரில் டாக்டர் விஷால் ராவ் குழு உருவாக்கிய ‘ஓம்’ வால்வுக்கு 50 ரூபாய் என்று அறிவித்தார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் அது கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஆகவே எங்கள் கணக்கு இப்படி: வால்வு மாற்றும் ஆஸ்பத்திரிக்கு ஒரே நாளில் போய்வர முடியும், பார்வை சரியாக இருக்கிறது, கை நடுங்காது என்றால் வால்வு. இவற்றில் ஒன்று குறைந்தாலும், கூட இருந்து பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும், இல்லையென்றால் கருவி.

வால்வு போட்டவரும் கருவியை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது. வால்வு கழன்றால் நடுச்சுவரில் இட்ட துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் குழாயை, அங்கே பழக்கிய விதத்தில் அந்தத் துளைக்குள் செருகி, வெளிமுனையை முடிச்சுப் போட்டு நெஞ்சில் பிளாஸ்டர் ஒட்டி, அன்றே கிளம்ப வேண்டும். கழன்ற வால்வு கண்ணில் படாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் விழுந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அந்த நேரத்தில் ஆம்புலன்சுக்குப் போன் செய்ய, இருக்கும் ஒரே குரல் அந்தக் கருவிதான்.