உப்பேறிய இரும்புக்கு எது சரி: கிரைண்டரா, உலர் கார்னெட்டா, ஈர பிளாஸ்டிங்கா?

மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த் கரையோரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் கைப்பிடிக் கம்பிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். அடித்து ஆறு மாதம்கூட ஆகாத எப்பாக்சி பெயிண்ட், மிளகு மிளகாகக் கொப்பளித்திருக்கும். ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறினால் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியும். துடைத்துப் பார்த்தால் அடியில் இரும்பு கறுத்துக் கிடக்கும். உடனே எல்லாரும் பெயிண்டைத்தான் திட்டுவார்கள். ஆனால் அந்தச் சொட்டை அங்கே வரவழைத்தது, பெயிண்டுக்கு அடியில் விட்டுப்போன உப்பு. எந்தப் பெயிண்ட் படலமும் ஈரத்தை மெல்ல மெல்ல உள்ளே விடும். உள்ளே உப்பு இருந்தால் அது தண்ணீரை இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் கூடிக்கூடி ஒரு நாள் படலம் தூக்கிக்கொள்ளும்.

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இரும்பைச் சுத்தம் செய்ய முறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: உப்பு எப்படிப் போகும்? சுத்தம் செய்து எத்தனை மணி நேரத்துக்குள் பிரைமர் (முதல் பூச்சு) ஏறும்? சதுர அடி விலை அதற்கு அப்புறம்தான்.

கிரைண்டரும் வயர் பிரஷ்ஷும்

செலவு குறைவு. தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை நடக்கும், பக்கத்து இயந்திரத்தில் தூசி அதிகம் படியாது. இரும்புப் பரப்பின் சுத்தத்தைத் தரம் பிரிக்கும் ஐஎஸ்ஓ 8501-1இல் இந்த வழியாகப் போகக்கூடிய உச்சம் எஸ்டி 3 (கைக்கருவிச் சுத்தத்தின் மேல்படி).

சுழலும் கப் பிரஷ் துருவை எடுப்பதைவிட மெருகேற்றுவதுதான் அதிகம். குழியில் உள்ள துரு அங்கேயே அமுங்கிவிடும், மேலே மூடி போட்டதுபோல் பளபளக்கும். உப்பு தங்கியிருப்பதும் அதே குழியில்தான். விரலால் தடவினால் வழுக்கும் அந்தப் பரப்பில் பிரைமர் பற்றிக்கொள்ளப் பிடிமானமே இல்லை. பளபளப்பைப் பார்த்து வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வெல்டிங் இணைப்பு, போல்ட் தலை, உள்ளங்கை அகலத் துருத் திட்டு போன்ற சில்லறைப் பழுதுகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். நீடில் கன்னால் (கம்பி ஊசிகள் அதிர்ந்து தட்டும் கருவி) துருப் பொருக்கைத் தட்டி எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, ஃபிளாப் டிஸ்க்கால் (உப்புத்தாள் வட்டு) கரடாக்கி, ஓரத்துப் பழைய பெயிண்டைச் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். பிறகு, இப்படிப்பட்ட பரப்பைத் தாங்கும் எப்பாக்சி மாஸ்டிக் அடிக்கலாம். நீடில் கன்னை நாள் முழுக்க ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது. அதிர்வால் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்துவிட்டால் முழுதாக மாறுவதில்லை.

உலர் கார்னெட்

கார்னெட் என்ற கடினக் கனிமத் துகளைக் காற்றழுத்தத்தால் இரும்பின்மேல் அடிக்கும் முறை இது. பெயிண்டுக்குப் பிடிமானம் கொடுப்பதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. 30/60 மெஷ் (சல்லடை அளவு) கார்னெட், நாசில் முனையில் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) இருந்தால் எஸ்ஏ 2½ சுத்தமும் (ஏறக்குறைய முழுச் சுத்தம்), பெரும்பாலான எப்பாக்சி பிரைமர்கள் கேட்கும் 50 முதல் 75 மைக்ரான் கரடும் ஒரே வீச்சில் கிடைக்கும். கரட்டை, மேடுபள்ளத்தை அச்செடுக்கும் ரெப்ளிகா டேப் ஒட்டி அளந்துவிடலாம். கைவிரலை நம்பக் கூடாது.

ஆனால் உலர் பிளாஸ்டிங் உப்பை முழுதாக அகற்றாது. குழிக்குள் இன்னும் ஆழமாக அடித்து இறக்கும் வாய்ப்புதான் அதிகம். அதனால் வரிசை முக்கியம்: முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும், அடுத்து 3,000 பிஎஸ்ஐ அளவில் நல்ல தண்ணீர்க் கழுவல், காய்ந்த பின்தான் கார்னெட். முந்தின சாயங்காலம் சாம்பல் வெள்ளையாக விட்டுப்போன இரும்பு, காலையில் குழிகளில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் உப்பு இன்னும் போகவில்லை. அதன்மேல் மறுபடி பிளாஸ்ட் அடித்து வெளுப்பாக்குவதால் மட்டும் பயனில்லை. திரும்பக் கழுவ வேண்டும்.

உப்பை அளக்க பிரெஸ்லே பட்டை: இரும்பில் ஒட்டி, உள்ளே தண்ணீர் ஏற்றி, உப்பைக் கரைத்தெடுக்கும் சிறு பட்டை. 12.5 சதுர சென்டிமீட்டர் பட்டையில் 15 மில்லி அயனி நீக்கிய தண்ணீர் ஏற்றினால், மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோசீமென்ஸ் கூடும்போதெல்லாம் சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் உப்பு என்று கணக்கு. 20 கூடினால் 120 மில்லிகிராம். கப்பல்களின் பாலாஸ்ட் தொட்டிகளுக்கு (சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்புபவை) சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006இல் வைத்த வரம்பு 50 மில்லிகிராம். அதாவது கடத்துதிறன் 8க்கு மேல் கூடக் கூடாது. 3 மில்லி மட்டும் ஏற்றிச் சோதித்தால் பெருக்கும் எண் 1.2 ஆக மாறும். ரிப்போர்ட்டில் தண்ணீர் அளவு எழுதியிருக்கவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்து கம்ப்ரசர். நாசில் நம்பர் என்பது துளையின் அகலம், அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 7ஆம் நம்பர் 100 பிஎஸ்ஐயில் ஏறக்குறைய 254 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று குடிக்கும். 8ஆம் நம்பர் 338. வாடகைக்கு எடுக்கும் 375 சிஎஃப்எம் டீசல் கம்ப்ரசருக்கு 7ஆம் நம்பர்தான் பொருத்தம். ஆள் சுவாசிக்க ஹெல்மெட்டுக்கும் காற்று வேண்டும், நாசில் தேய்மானத்துக்கும் இடம் வேண்டும். ஒரு நம்பர் அளவுக்குத் தேய்ந்த நாசிலை மாற்றிவிடுங்கள். ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் வேலை வேகம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் குறையும் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. 100 இருக்க வேண்டிய இடத்தில் 80 இருந்தால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போன மாதிரிதான். அழுத்தத்தைக் கம்ப்ரசர் கேஜில் பார்க்கக் கூடாது. நாசிலுக்குச் சற்றுப் பின்னால் ஹோஸில் ஊசி கேஜைக் குத்திப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றில் உள்ள தண்ணீரைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், 375 சிஎஃப்எம் கம்ப்ரசர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீரைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சுகிறது. காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரும் தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரும் இல்லாவிட்டால் அதில் பெரும்பகுதி ஹோஸுக்குள் போகும். கார்னெட் கட்டி கட்டியாக அடைக்கும், சுத்தமான இரும்பில் ஈரப்பொட்டு விழும். கார்னெட் வால்வை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் துணியைக் காற்று வரும் வாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி ஒரு நிமிடம் பிடியுங்கள். ஈரமோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் வேலையைத் தொடங்கவே கூடாது.

பிரைமர் அடிக்க இரும்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். காலை 7 மணிக்கு 26 டிகிரி, ஈரப்பதம் 92 சதவீதம் என்றால் பனிநிலை 24.6. காலை 11 மணிக்கு 32 டிகிரி, 65 சதவீதம் என்றாலும் பனிநிலை அதே 24.6. மாறுவது இரும்பின் சூடு மட்டும்தான்: காலையில் 25, வெயில் ஏறிய பின் 34. அதனால் காலையில் பிளாஸ்ட் அடித்து, பத்து மணிக்கு மேல் பிரைமர் போட்டு, பின்மதிய மழைக்கு முன் மூடுவதே இங்கே நடக்கிற காரியம். செப்டம்பர், அக்டோபரில் கூடாரம் போடாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மணல் வேண்டவே வேண்டாம். ‘சேண்ட்பிளாஸ்டிங்’ என்ற பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. மணலில் உள்ள சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் நோய், அதற்கு மருந்து கிடையாது. பிரிட்டன் 1949 விதிகளிலேயே வார்ப்புகளை மணலால் பிளாஸ்ட் செய்வதைத் தடுத்துவிட்டது. கார்னெட்டில் தனி சிலிக்கா ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் காற்று ஊட்டும் ஹெல்மெட் கட்டாயம், ஏனென்றால் பறப்பது கார்னெட் மட்டுமல்ல, பழைய பெயிண்டும் துருவும்கூட. ஹெல்மெட் காற்றில் கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தாண்டக் கூடாது. கம்ப்ரசர் காற்று இழுக்கும் வாய் லோரிப் புகைக்குழாய்ப் பக்கம் திரும்பியிருந்தால் ஹெல்மெட்டே விஷமாகிவிடும். கையை விட்டதும் பாய்ச்சலை நிறுத்தும் டெட்மேன் ஹேண்டிலைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கும் பழக்கம் கண்ணில் பட்டால் அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள். கை நழுவினால் ஹோஸ் பாம்பாகச் சுழன்று ஆளை அறுக்கும்.

ஈர பிளாஸ்டிங்

அதே கார்னெட், கூடவே நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர். தூசி வெகுவாக அடங்கும், உப்பும் கரைந்து ஓடும். வீடமைப்புப் பகுதியை ஒட்டிய பட்டறைக்கும், மின்னணுத் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் பாயான் லெப்பாஸுக்கும் இதுதான் ஏற்றது. உலர் தூசி பக்கத்துக் கூரையில் உள்ள குளிர்சாதன இயந்திரத்தில் போய் விழுந்தால் இழப்பீடு கேட்டு ஆள் வருவார்.

இதன் பலவீனம், உடனே பூக்கும் செந்துரு. இங்கே உள்ள ஈரத்தில் கண்ணெதிரே மஞ்சளாகும். தடுக்க இன்ஹிபிட்டர் கலப்பார்கள். அதில் சில வகை தானே கரையும் உப்பாக மிஞ்சும்; பிரைமர் தயாரிப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத இன்ஹிபிட்டரை ஊற்றினால் உப்பை எடுத்து உப்பை வைத்த கதைதான். இன்ஹிபிட்டர் இல்லாமல் நல்ல தண்ணீரில் அடித்து, லேசான செந்துருவை ஏற்கும் பிரைமரைத் தேர்வது பல இடங்களில் மேல். துணியால் தேய்த்தால் பொடி பொடியாக ஒட்டும் அளவுக்குத் துரு கனத்துவிட்டால் மறுபடி லேசாக அடிக்க வேண்டும். தூசி தெரியவில்லை என்று முகக் கவசத்தைக் கழற்றுவது தப்பு. நுண்தூள் இன்னும் மிதக்கும். சத்தமும் குறையாது. மலேசியாவின் 2019 இரைச்சல் விதிகளின்படி எல்லை 85 டெசிபல்; நாசில் பக்கம் அதைத் தாராளமாகத் தாண்டும், காதுக்கவசம் வேண்டும்.

30,000 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட தண்ணீர் மட்டும் பாய்ச்சும் முறை உப்பெடுப்பதில் எல்லாவற்றையும் விஞ்சும். ஆனால் புதுக் கரடு உண்டாக்காது, முன்பு இருந்த கரடுதான் வெளியே வரும். கப்பல் தளம், பெரிய தொட்டி என்றால் கணக்குக்குக் கட்டும். அந்த ஜெட் கையில் பட்டால் வெளியே சின்னத் துளை, உள்ளே சதை கிழிந்திருக்கும். கழுவிக் கட்டுப் போட்டு அனுப்பாமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாதம் முழுக்க ஒரே மாதிரி பீம்கள் வரும் பிறை ஊர்ப் பட்டறைக்கு மூடிய அறையும் ஸ்டீல் கிரிட்டும்தான் (எஃகுத் துகள்) சிக்கனம், கிரிட் திரும்பத் திரும்ப நூறு தடவைக்கு மேல் சுற்றிவரும். அறையில் ஈரம் புகுந்தால் கிரிட்டே துருப்பிடித்துக் கட்டியாகும். ஸ்டெயின்லெஸ் வேலையை அந்த அறைக்குள் விடவே கூடாது, பதிந்த இரும்புத் துகள் வெளியே போனதும் துருப்பூக்கும்.

கடற்கரை ஓரப் பழைய இரும்பு, குழி விழுந்தது, சுற்றிலும் ஆட்கள் இல்லை என்றால் கழுவல், கார்னெட், உப்புச் சோதனை என்ற வரிசையைத்தான் எடுக்கச் சொல்வோம். ஆள் நடமாட்டமோ நுணுக்கமான இயந்திரமோ பக்கத்தில் இருந்தால் ஈர முறை. கொட்டேஷன் கேட்கும்போது கழுவலும் உப்புச் சோதனையும் தனித்தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த கொட்டேஷனில் முதலில் காணாமல் போவது அவை இரண்டும்தான்.

வேலை முடிந்ததும் கீழே குவியும் கார்னெட்டை என்ன செய்வது என்பதும் விலையில் சேர வேண்டும். பழைய பெயிண்டில் ஈயமோ குரோமேட்டோ இருந்தால், கலந்துபோன கார்னெட் மலேசியாவின் 2005 கழிவு விதிகளின்கீழ் அட்டவணைக் கழிவாகலாம் (அபாயகரமானது என்று பட்டியலிட்ட கழிவு). அப்படியானால் லேபிள் ஒட்டி, மூடிய இடத்தில் வைத்து, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஈர முறையில் அந்தச் சேறு கால்வாய்க்குள் ஓடாமல் கீழே கேன்வாஸும் மணல் மூட்டை வரப்பும் போட்டு, படிய விட்டு, மேல் தண்ணீரைத் தனியாக வடித்தெடுக்க வேண்டும்.