மணிமாலையும் முடிச்சுகளும்: குரோமாட்டின் மாடலுக்கு லாம்ப்ஸ், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

லாம்ப்ஸ் உயிரியலுக்காக எழுதப்பட்ட மென்பொருள் இல்லை. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் உருவான, மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் பொதுவான நிரல் அது. நியூக்ளியோசோம் (புரத உருளையில் டி.என்.ஏ. சுற்றிக் கிடக்கும் அலகு) என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. மணிகளைத் தெரியும், மணிகளைக் கோர்க்கும் ஸ்பிரிங்குகளைத் தெரியும், அவ்வளவுதான். நான்கு ஆண்டுகளாக இதை வைத்துத்தான் குரோமாட்டினோடு, அதாவது செல்லுக்குள் புரதங்களோடு சேர்ந்து மடிந்து கிடக்கும் டி.என்.ஏ.வோடு, மல்லுக்கட்டுகிறேன்.

ஒரு மனித செல்லில் சுமார் 2 மீட்டர் டி.என்.ஏ. இருக்கிறது. அது அடங்கும் உட்கருவின் அகலமோ சில மைக்ரோமீட்டர். அடிப்படைச் சுற்று எல்லோருக்கும் தெரிந்ததே: ஹிஸ்டோன் என்ற புரத உருளையைச் சுற்றி 147 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்), ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அணு அணுவாகக் கணக்குப் போட்டால் ஆயுள் போதாது. அதனால் நான் ஒரு மணிக்கு 1,000 கார இணை என்று வைத்துக்கொள்கிறேன், ஏறக்குறைய ஐந்து நியூக்ளியோசோம். 10 கோடி கார இணை நீளமுள்ள குரோமோசோமுக்கு ஒரு லட்சம் மணிகள். லாம்ப்ஸ் இதைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்து அலுங்காமல் ஓட்டும். வேகத்தில் குறை சொல்ல மாட்டேன்.

முதல் வாரங்களில் 'ஃபீன் பாண்ட் டூ லாங்' (பிணைப்பு அளவுக்கு மீறி நீண்டுவிட்டது) என்ற எச்சரிக்கையைத்தான் அதிகம் பார்த்தேன். மணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தொடங்கியது என் தப்பு. முதலில் மென்மையான விலக்கு விசையால் அவற்றைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

பெரிய அடி அப்புறம்தான் விழுந்தது. சங்கிலியைத் தாறுமாறான நடையாக (ஒவ்வொரு மணியும் ஏதோ ஒரு திசையில்) அமைத்து ஆறு மாதம் ஓட்டினேன். சங்கிலியில் தூரம் கூடக் கூட இரண்டு இடங்கள் தொட்டுக்கொள்ளும் வாய்ப்பு குறையும் சரிவு மைனஸ் 1.5-ஐ ஒட்டியே வந்தது. 2009-இல் வெளியான ஹை-சி ஆய்வில் (டி.என்.ஏ.வின் எந்த இடம் எதைத் தொடுகிறது என்று அளக்கும் முறை) சில லட்சம் முதல் சில பத்து லட்சம் கார இணை வரையிலான தூரங்களில் அது மைனஸ் 1-ஐ ஒட்டி இருந்தது. விசைகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை. கோளாறு விசையில் இல்லை, தொடக்கத்தில் இருந்தது. இவ்வளவு நீளமான சங்கிலி முழுச் சமநிலைக்கு வர உண்மையான செல்லுக்கே நேரம் போதாது. செல் பிரிவின்போது இறுகிக் கிடந்த நிலையிலிருந்து அது அவிழத் தொடங்குகிறது, அந்த நினைவு அழிவதில்லை. நானோ தொடக்கத்திலேயே முடிச்சுகளைப் போட்டுக் கொடுத்திருந்தேன். முடிச்சில்லாத இறுகிய நிலையிலிருந்து ஆரம்பித்ததும் சரிவு தானாக மைனஸ் 1 பக்கம் வந்தது. மென்பொருள் எந்த இடத்திலும் எச்சரிக்கவில்லை. எச்சரிக்காது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது.

கோஹீசின் என்ற புரதம் டி.என்.ஏ.வை வளையங்களாக இழுத்து நீட்டுவதைக் காட்டுவதுதான் இதில் எரிச்சலான வேலை. கணக்கீட்டின் சில ஆயிரம் நேர அடிகளுக்கு ஒருமுறை ஓட்டத்தை நிறுத்தி, பைதானிலிருந்து பழைய பிணைப்பை எடுத்து, பக்கத்து மணிகளில் புதிதாகப் போடுகிறேன். சிடிசிஎஃப் தளம் (வளையம் வளர்வதைத் தடுக்கும் புரதம் ஒட்டும் இடம்) எதிர்ப்பட்டால், அதன் திசையைப் பார்த்து நிறுத்த வேண்டும். இந்த வேலை மட்டும்தான் உங்களுக்குத் தேவை, கையில் நல்ல ஜி.பி.யூ ஒன்றும் இருக்கிறது என்றால் ஓப்பன்எம்எம் என்ற இன்னொரு மூலக்கூறு இயக்க மென்பொருள் பக்கம் போய்விடுங்கள்.

மாடலின் தொடர்புப் படம் ஹை-சி படத்தோடு பொருந்திவிட்டது என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். ஹை-சி படம் பல லட்சம் செல்களின் சராசரி, ஒன்றுக்கொன்று ஒத்துவராத மடிப்புகளும் அதே படத்தைத் தரும். எனக்கு நம்பிக்கை வந்தது வேறொரு சோதனையில்: மாடலிலிருந்து கோஹீசினை எடுத்தேன். வளையங்கள் மறைந்தன, ஏ, பி பகுதிகளின் (செயல்படும், அடங்கிய குரோமாட்டின்) பிரிவு இன்னும் தெளிவானது. 2017-இல் செல்களில் கோஹீசினை நீக்கிப் பார்த்த ஆய்வுகளிலும் இதுவே நடந்தது.