மண் தொட்டிக்கு எமல்ஷன்: இரண்டு மழைக்காலம் கழித்து

மாடித்தோட்டத்துப் பழைய தொட்டிக்கு பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சிமெண்ட் தொட்டி என்றால் தாராளமாக அடியுங்கள். மண் தொட்டி என்றால் மேலே படியுங்கள்.

இரண்டுக்கும் அடித்தது வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன்தான். ஒரே டப்பா, ஒரே பிரஷ், ஒரே வெயில். இரண்டு ஐப்பசி மழை பார்த்தபிறகும் சிமெண்ட் தொட்டிகள் நேற்று அடித்த மாதிரி இருக்கின்றன. மண் தொட்டிகளோ ஆறே மாதத்தில் அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குக் கொப்புளித்துவிட்டன. நகத்தால் நெம்பினால் பெயிண்ட் தோலாகக் கையோடு வருகிறது. தோலின் பின்பக்கம் வெள்ளை மாவு.

வில்லன் அந்த மாவுதான். போர் தண்ணீரிலும் உரத்திலும் இருக்கும் உப்பு அது. சுட்ட மண் உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வெளிப்பக்கமாக விடும். ஈரம் ஆவியாகிவிடும், உப்பு பெயிண்டுக்குப் பின்னால் தங்கிப் படிகமாகி அதைத் தள்ளும். இதில் பெயிண்டைக் குறை சொல்வது நியாயமில்லை. இருந்தாலும் டப்பாவில் போட்டிருக்கும் ‘உத்தரவாதம்’ கண்ணில் படும்போதெல்லாம் எரிச்சல் வரத்தான் செய்கிறது. அது சுவருக்காம்.

அப்படியும் அடித்தே தீருவேன் என்பவர்கள் மண்ணைக் கொட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து கழுவி, 1 நாள் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு 4 நாள் வெயில். கோட்டை விடுவது இங்கேதான்: வெளியே காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். பிளாஸ்டிக் கவரை இறுகச் சுற்றி வெயிலில் வையுங்கள். கவருக்குள் வியர்த்தால் இன்னும் காயவில்லை.

120 நம்பர் உப்புத்தாள், ப்ரைமர் 1 கோட், எமல்ஷன் 2 கோட், இடையில் 4 முதல் 6 மணி நேரம். 12 அங்குலத் தொட்டிக்கு வெளிப்பரப்பு சுமார் 3 சதுர அடிதான். 1 லிட்டரில் 15 தொட்டி முடியும். அடிப்பாகத்தையும் வடிகால் துளையையும் தொடாதீர்கள். உள்பக்கம் முழுக்க வாட்டர்ப்ரூஃப் பூசினால் கொப்புளம் குறையும், உண்மை. ஆனால் அப்புறம் அது பிளாஸ்டிக் தொட்டி மாதிரிதான். பழைய அளவிலேயே தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். எனாமல் பேச்சே வேண்டாம், அது தகடு தகடாக உரியும்.

ஒன்றை மட்டும் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளை அடித்த தொட்டியைச் சித்திரை உச்சி வெயிலில் தொட்டால் கை சுடுவதில்லை. பக்கத்திலிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஆனாலும் மண் தொட்டிக்கு இனி காவிதான். காவிப்பொடியைத் தண்ணீரில் குழைத்து, பிடிப்புக்குத் துளி பசை சேர்த்துப் பூசினால் போதும். மழையில் வெளுக்கும், பொங்கலுக்குப் பொங்கல் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். கொப்புளிக்காது. மிச்சமிருக்கும் அரை லிட்டர் வெள்ளை எமல்ஷன், சிமெண்ட் தொட்டிகளுக்கு.