ஈஸ்ட்டின் பெயரைக் கேட்பது கார்டிடமா, மால்டியிடமா?

எங்கள் மருத்துவ ஆய்வகத்தில் நோயாளிகளிடமிருந்து வரும் ஈஸ்ட்டை (ஒற்றைச் செல் பூஞ்சை) இனங்காண, அது எதை உண்கிறது என்று சோதிக்கும் உயிர்வேதிக் கார்டை விட்டு, அதன் புரதங்களை எடை போடும் மால்டி-டாஃப் கருவிக்கு மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாறலாமா என்று யோசிப்பவர்கள் எடுத்த எடுப்பில் வேகத்தையும் செலவையும்தான் கேட்கிறார்கள். கார்டுக்குச் சுமார் 18 மணி நேரம் ஆகும். அதே மாதிரி சோதிக்கும் பழைய சர்க்கரைப் பட்டைகளுக்கு 48 முதல் 72 மணி நேரம். தட்டில் வளர்ந்த ஈஸ்ட் திட்டு, அதாவது காலனி, கையில் இருந்தால் மால்டிக்குச் சில நிமிடங்களே போதும். வாங்கும்போது மால்டி யானை விலை. வாங்கிய பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் காசு தின்பது கார்டு. இதெல்லாம் விற்பனையாளரே சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாத ஒன்றுதான் என்னை மாற வைத்தது: தனக்குத் தெரியாத ஈஸ்ட் வந்தால் கருவி என்ன பதில் தருகிறது?

ஒரு முறை இரத்த வளர்ப்பிலிருந்து வந்த ஈஸ்ட்டைச் சர்க்கரைப் பட்டையில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் பட்டையின் விடைகளுக்கான எண்களைக் கூட்டிப் பார்த்த இளையவர், "மேடம், ரோடோடொருலா" என்றார். தட்டை வாங்கிப் பார்த்தேன். பாலேடு நிறத்தில் வழுவழுப்பான காலனிகள். ரோடோடொருலா என்றால் பவளச் சிவப்பில் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் முகவரியே அந்த நிறம்தான். "இதில் சிவப்பு எங்கே?" என்று கேட்டேன். அவர் பட்டையை எடுத்து மறுபடி எண்ணத் தொடங்கிவிட்டார். எண்ணிக்கையில் பிழை இல்லை. வேறு ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணு வரிசை பார்த்தபோது அது கேண்டிடா ஆரிஸ் என்று தெரிந்தது.

பட்டையும் கார்டும் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்கின்றன. எந்தச் சர்க்கரையை உண்கிறது, எதை உண்ணவில்லை, எந்த நொதி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டு, ஆம், இல்லை என்ற விடைகளைத் தன் பட்டியலில் உள்ள இனங்களோடு ஒப்பிடுகின்றன. விழுக்காடு கணக்கிடப்படுவது பட்டியலில் இருப்பவற்றுக்குள் மட்டும்தான். பட்டியலில் இல்லாத இனத்துக்கு ஏறக்குறைய அதே போல் உண்ணும் இன்னொன்றின் பெயர் கிடைத்துவிடும், சில சமயம் அழகான விழுக்காட்டோடு. கார்டு 'இனங்காண முடியவில்லை' என்று ஒப்புக்கொள்வதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் எல்லாம் அது ஒப்புக்கொள்வதில்லை.

கேண்டிடா ஆரிஸ் இதற்கு நல்ல பாடம். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் செவித் துளையிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது. 'ஆரிஸ்' என்றால் லத்தீனில் காது. அதற்கு முன்பு உருவான பட்டியல்களில் அது எப்படி இருக்கும்? மென்பொருள் புதுப்பிக்கப்படாத கார்டுகளில் அது கேண்டிடா ஹெமுலோனி என்றும், சில பட்டைகளில் ரோடோடொருலா குளூட்டினிஸ் அல்லது கேண்டிடா சேக் என்றும் வெளிவந்தது உலகெங்கும் பதிவான செய்தி. வெறும் பெயர்க் குழப்பம் என்று விட முடியாது. ஆரிஸ் பெரும்பாலும் ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காது. வார்டின் கட்டில் கம்பியிலும் தோலிலும் ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்குப் பரவும். பெயர் தவறினால் தனிமைப்படுத்தலும் தவறிப்போகும்.

மால்டி கேட்கும் கேள்வி வேறு. அது செல்லின் புரதங்களை, முக்கியமாக ரைபோசோம் புரதங்களை, லேசரால் பறக்க வைத்து எடை போடுகிறது. கிடைக்கும் அலைவடிவத்தை, தெரிந்த இனங்களின் அலைவடிவங்களைச் சேர்த்து வைத்த நூலகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் தருகிறது. நாங்கள் வைத்திருக்கும் வகையில் 2.0க்கு மேல் என்றால் இனம் வரை நம்பலாம்; 1.7க்குக் கீழே என்றால் பெயரே கிடையாது. நூலகத்தில் இல்லாத ஈஸ்ட் வந்தால் பெரும்பாலும் இந்தக் கீழ் மதிப்பெண்தான் விழும். திரை சிவப்பாகிவிடும். வேலை கெடுகிறதே என்று எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த எரிச்சல்தான் எனக்கு வேண்டும். தவறான பெயரோடு அறிக்கை போய்விட்டால் யாருக்கும் எரிச்சல் வராது, அதுதான் ஆபத்து.

இதனால் மால்டிக்கு நூலகப் பராமரிப்பு வேண்டாம் என்று ஆகாது. கார்டை விட அதிகமாகவே வேண்டும். புதிய பதிப்பு வந்தும் நிறுவாமல் வைத்திருந்தால் சிவப்புத் திரைகளின் எண்ணிக்கைதான் கூடும். காலனியைப் பூசும் தகட்டைச் சரியாகக் கழுவாவிட்டால் நேற்றைய நோயாளியின் ஈஸ்ட் இன்றைய புள்ளியில் எட்டிப் பார்க்கும். கைப்பக்குவமும் உண்டு. பல்குச்சி முனையால் காலனியைத் தொட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தகட்டில் இழுக்க வேண்டும். ஈஸ்ட்டின் சுவர் தடிப்பானது என்பதால் மேலே ஒரு மைக்ரோலிட்டர் 70 விழுக்காடு ஃபார்மிக் அமிலம், அது காய்ந்ததும் லேசரை உறிஞ்ச உதவும் மேட்ரிக்ஸ் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர். பாக்டீரியாவுக்குப் பழகியவர்கள் அமிலத்தைத் தாண்டிப் போவார்கள், மதிப்பெண் விழும், கருவியைத் திட்டுவார்கள். தடிப்பாகப் பூசினாலும் அதே கதை. எங்கள் முதல் மாதத் தோல்விகளில் பாதிக்கு மேல் கருவி காரணமில்லை, எங்கள் விரல்கள்தான்.

இனத்துக்கு ஒரு நிறம் காட்டும் குரோம் அகர் வளர்ப்புத் தட்டை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. அதை யாரும் விட முடியாது. 48 மணி நேரத்தில் கேண்டிடா இனங்களில் அல்பிகன்ஸ் பச்சையாக, டிராபிகாலிஸ் எஃகு நீலமாக, க்ரூசி ஓரம் பிசிறிய வெளிர் சிவப்பாக வரும். முக்கியம் நிறம் கூட இல்லை. ஒரே நோயாளியின் மாதிரியில் இரண்டு ஈஸ்ட் கலந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கும். கலந்த காலனியை மால்டியிலோ கார்டிலோ வைத்தால் இரண்டும் நம்மை ஏமாற்றும். சீரத்தில் 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, ஈஸ்ட் முளைக்குழாய் விடுகிறதா என்று பார்க்கும் ஜெர்ம் டியூப் சோதனையும் இன்னும் இருக்கிறது. டப்ளினியென்சிஸையும் அல்பிகன்ஸையும் அதனால் பிரிக்க முடியாது என்றாலும், கருவி பழுதான நாளில் அதைப்போல் உதவுவது வேறில்லை.

சில இடங்களில் என் அனுபவம் போதாது. உறை சூழ்ந்த ஈஸ்ட்டான க்ரிப்டோகாக்கஸ் எங்களுக்கு அரிதாகவே வந்தது. உறை தடித்தவற்றில் தகட்டின் மேலேயே அமிலம் விடும் குறுக்கு வழி பலிக்காமல், எத்தனால் வைத்து முழுதாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் யூரியேஸ் நொதிச் சோதனையும் உறையைக் காட்டும் இந்தியா இங்க் சோதனையும் விடை சொல்லியிருந்தன. ட்ரைகோஸ்போரான் என்ற இன்னொரு ஈஸ்ட்டின் இனங்களைப் பற்றி மால்டி சொல்வதை இன்னும் சோள மாவு அகரில் வளர்த்து வடிவத்தைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுகிறேன். இது வெறும் பழக்க தோஷமாகவும் இருக்கலாம். இரத்த வளர்ப்புக் குப்பியிலிருந்தே நேரடியாக ஈஸ்ட்டை மால்டியில் வைப்பதை நாலைந்து முறை முயன்றோம். அதை வைத்து யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

புதுப் பெயர்களும் ஒரு தலைவலி. கேண்டிடா கிளாப்ராட்டா இப்போது நகாசியோமைசஸ் ஆகிவிட்டது, க்ரூசி பிச்சியா குட்ரியாவ்செவி. நூலகத்தைப் புதுப்பித்த மறுநாள் மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, இது என்ன புது நோயா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பழைய பெயரையும் அறிக்கையில் சேர்த்தே அச்சிடுகிறோம்.

கார்டுக் கருவியை அப்புறப்படுத்திவிட்டீர்களா என்று கேட்பார்கள். இல்லை. மால்டி பெயரை மட்டுமே சொல்கிறது. எந்த மருந்துக்கு அடங்கும் என்று எங்களிடம் உள்ளது சொல்வதில்லை. அதற்கான கார்டுகளை இன்றும் அதே பழைய கருவியில்தான் ஏற்றுகிறோம். இனங்காணும் கார்டுகளை வாங்குவதைத்தான் நிறுத்தினோம். கடைசிப் பெட்டியில் மீதமிருந்த ஆறும் குளிர்பெட்டியில் காலாவதியாகிக் கிடக்கின்றன.