டி கார்டுக்கு எந்த விரல்?

யுகுலேலே (கிதார் போன்ற சிறிய நான்கு தந்திக் கருவி) பழக ஆரம்பித்தவருக்குச் சி, ஏ மைனர், எஃப் என்ற கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மூன்றும் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். முதல் இரண்டுக்கும் ஒரு விரல் போதும், எஃப்-க்கு இரண்டு. தடுக்குவது டி-யில்தான். ஜி, சி, இ தந்திகள் மூன்றையும் இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்) அழுத்திக்கொண்டு, ஏ தந்தியைச் சும்மா விட வேண்டும். ஜி, சி, இ, ஏ வரிசையில் ஒவ்வொரு தந்திக்கும் அழுத்தும் ஃப்ரெட்டை எண்ணில் எழுதினால் 2220; சும்மா விடும் தந்திக்கு 0. இதற்கு ஆளுக்கொரு பிடி சொல்வார்கள்.

ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை வரிசையாக வைப்பது ஒரு வழி. பார்த்ததும் புரியும், ஒவ்வொரு தந்திக்கும் தனி விரல் என்பதால் ஒலியும் தெளிவு. ஆனால் சொப்ரானோ என்ற சிறிய அளவு யுகுலேலேயில் தந்தியின் அதிரும் நீளமே ஏறக்குறைய 13 அங்குலம்தான். அந்தக் கட்டத்துக்குள் மூன்று விரல் நுனிகள் நெருக்கியடிக்கும்போது ஏதாவது ஒன்று ஃப்ரெட் கம்பியை விட்டுப் பின்னால் தள்ளப்படும், அந்தத் தந்தி இரையும். அதைவிடப் பெரிய அளவுகளான 15 அங்குலக் கான்செர்ட்டிலும் 17 அங்குல டெனோரிலும் இந்தத் தொல்லை குறைவு.

அதே இடத்தில் நடு, மோதிரம், சுண்டு என்று ஒரு விரல் தள்ளி வைப்பது இன்னொரு வழி. சுண்டுவிரலுக்கு வலு போதாது என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான். ஏ மைனர், எஃப், ஏ மேஜர் மூன்றிலும் நடுவிரல் இருப்பது ஜி தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில். இந்தப் பிடியில் டி-க்கும் அதே இடம்தான். நடுவிரலை எடுக்காமலே ஏ-யிலிருந்து டி-க்குப் போய்த் திரும்பலாம். முதல் பிடியில் அந்த இடத்துக்கு ஆள்காட்டி வருவதால் ஒவ்வொரு முறையும் கையையே மாற்ற வேண்டும். தனியாக ஒரு கார்டைப் பிடித்துப் பார்க்கும்போது எது சுலபம் என்பதை விட, பாட்டில் அதற்கு முன்னும் பின்னும் எது வருகிறது என்பதுதான் கணக்கு.

ஒரே விரலைப் படுக்கப் போட்டு மூன்று தந்திகளையும் அழுத்துபவர்களும் உண்டு. விரல் மூட்டு பின்பக்கம் வளையும் பாக்கியம் இருந்தால் சரி. வளையாவிட்டால் ஏ தந்தியும் அகப்பட்டு 2222 ஆகிவிடும். அது டி6 என்ற வேறு கார்டு, காதுக்கு உறுத்தாது, ஆனால் டி இல்லை. அப்படிப்பட்டவர்கள் நான்கு தந்திகளையும் தயங்காமல் அழுத்தி, ஏ தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் சுண்டுவிரலை வைக்கலாம்: 2225. இது முழுமையான டி. இதே பிடியை இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் 4447, அதாவது இ. முதல் மாதத்தில் மணிக்கட்டு வலிக்கும், ஆகவே அவசரம் வேண்டாம்.

டி-யோடு இன்னொரு சுரம் சேர்ந்த டி7-க்கு இரண்டு பிடிகள். 2223-இல் நான்கு சுரங்களும் இருக்கின்றன, ஆனால் பார் போட வேண்டும், அதாவது ஒரே விரலைப் படுக்கப் போட்டு அழுத்த வேண்டும். ஹவாய் டி7 எனப்படும் 2020-க்கு இரண்டே விரல், ஆனால் அதில் டி சுரமே கிடையாது. தனியாக வாசித்தால் கொஞ்சம் காலியாகத் தெரியும், கூடக் கீழ்ச்சுரம் வாசிக்க ஒரு பேஸ் கருவி இருந்தால் யாருக்கும் தெரியாது. ஹவாய் பாட்டுகளில் அடிக்கடி வரும் டி7, ஜி7, சி சுற்றுக்கு இதுவே வாகு. எஃப்-இலிருந்து வருவதானால் நடுவிரல் நகரவே வேண்டாம்.

அப்புறம் இ. 4442-ஐ நான்காவது ஃப்ரெட்டில் மூன்று விரல்களால் பிடிப்பது டி-யை விட நெருக்கடி, ஃப்ரெட்டுகள் மேலே போகப் போகச் சுருங்குமே. பாட்டு ஏ சுருதியில் இருந்தால் பெரும்பாலும் இ7 போதும்: 1202. பாட்டே இ-யில் வந்து அமர்கிறது என்றால் இ7 ஒத்துவராது, இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போலவே கேட்கும். அங்கே 1402-ஐ முயலலாம்: ஜி-யில் ஆள்காட்டி, சி-யில் சுண்டு, ஏ-யில் நடு. சொப்ரானோவில் எட்டிவிடும். டெனோரில் டி-க்குக் கிடைத்த இடவசதி, இங்கே சுண்டுவிரலை இழுத்துப் பிடிக்கும்.