அந்த மூன்று புள்ளிகள்: சிவிக்ஸ் வகுப்பில் சில வருஷம் பயன்படுத்திப் பார்த்தபின்

நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்புக்கு சோஷியல் ஸ்டடீஸ் எடுக்கிறேன். பக்கத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் அதே வேலை பார்க்கும் தோழி போன வாரம் கேட்டாள்: “உங்க ஸ்கூல்ல சிவிக்ஸுக்கு வச்சிருக்கிற டிஜிட்டல் பாடப் பேக்கேஜ் விலை இறங்கியிருக்காமே, எங்களையும் வாங்கச் சொல்லவா?” போனில் ஆரம்பித்தால் ராத்திரி ஆகிவிடும், கோபமும் வரும். அதனால் எழுதிவிடுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் உதவட்டும்.

இங்கே 2021-இல் லாரா வூட்டன் பெயரில் ஒரு சட்டம் வந்தது. வாழ்நாளெல்லாம் வாக்குச்சாவடியில் வேலை செய்த பெண்மணி அவர். அந்தச் சட்டப்படி 2022-23 முதல் நடுநிலைப் பள்ளிகளில் சிவிக்ஸ், அதாவது குடிமையியல், கட்டாயம். அதையொட்டி எங்கள் டிஸ்ட்ரிக்ட் வாங்கியதுதான் இந்தப் பேக்கேஜ். கம்பெனி பெயர் வேண்டாம். உள்ளே என்னென்ன இருக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும் என்பதால் அந்தப் பட்டியலும் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே பாடத்தை மூன்று நான்கு வாசிப்பு நிலைகளில் தருகிறார்கள். போன மாதம்தான் அமெரிக்கா வந்து சேர்ந்த பிள்ளை ஸ்பானிஷில் கேட்டுக்கொண்டே படிக்கலாம், பக்கத்து மேசைப் பையன் அதையே கடினமான ஆங்கிலத்தில் படிக்கலாம். இரண்டு பேரும் ஒரே விவாதத்தில் கலந்துகொள்வார்கள். இது சின்ன விஷயமே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் சப்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு லிங்க் அனுப்பினால் போதும். குவிஸ் தானே திருத்திக்கொள்ளும், மதிப்பெண் தானே ஏறும். ஐந்து வகுப்பு எடுப்பவர்களுக்கு அந்த நேரம் எவ்வளவு பெரிது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, இப்போது அந்தப் பெட்டிகள். ஒவ்வொரு பாடத்திலும் “மூல ஆவணம்” என்று தலைப்புப் போட்டு, பழைய காகித நிறத்தில் ஒரு பெட்டி வரும். அதற்குள் நாலைந்து வரி, நடுநடுவே வரிகளை வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரி இருக்கிறது. அப்புறம் மூன்று புள்ளி. பிரிட்டிஷ் மன்னர் மேல் இரண்டு புகார். மறுபடி மூன்று புள்ளி. கடைசியில் உயிர், உடைமை, மானம் எல்லாவற்றையும் பணயம் வைக்கும் வாக்கியம். முடிந்தது.

பிரகடனத்தில் மூன்றாம் ஜார்ஜ் மேல் 27 புகார்கள் இருக்கின்றன. வரியிலிருந்து நீதிபதிகளின் சம்பளம் வரைக்கும் அதில் வருகிறது. கடைசிப் புகாரில் இந்த மண்ணின் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்றே எழுதியிருக்கிறார்கள். சமத்துவம் பேசிய அதே தாளில், அதே கையெழுத்துகளுக்கு மேலே அந்த வரியும் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்தால் கேள்வி கேட்காமல் இருக்காது. பெட்டியில் அந்த வரி புள்ளிகளுக்குள் போய்விட்டது. பெட்டிக்குக் கீழே மூன்று கேள்வி, மூன்றுக்கும் பதில் பெட்டிக்குள்ளேயே. பிள்ளை டிக் அடித்துவிட்டு, பிரகடனம் படித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போகிறது. படிக்கவில்லை என்பது அதற்குத் தெரியவே தெரியாது. எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது தேசிய ஆவணக் காப்பகம் ஆசிரியர்களுக்காக வைத்திருக்கும் டாக்ஸ்டீச் என்ற இணையதளம். காசு கிடையாது. அசல் தாள்களின் ஸ்கேன் அப்படியே கிடைக்கும். எதையும் எதிர்பார்க்காமல்தான், குடிமக்களின் உரிமைகளை அரசியல் சாசனத்தில் திருத்தங்களாகச் சேர்த்த உரிமைகள் மசோதாவை அதில் திறந்து வகுப்பில் கொடுத்தேன். பேச்சுரிமை எத்தனையாவது என்று கேட்டேன். முதல் திருத்தம் என்று எல்லோரும் கத்தினார்கள். தாளில் தேடிக் காட்டுங்கள் என்றேன். க்ரோம்புக்கில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு பெண் எழுந்து, “மிஸ், இதில் மூன்றாவது என்று போட்டிருக்கிறது” என்றாள்.

போட்டிருக்கத்தான் செய்கிறது. 1789-இல் காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பியது 12 திருத்தங்கள். 1791 டிசம்பர் 15-க்குள் ஏற்கப்பட்டவை 10. முதலாவது, பிரதிநிதிகள் சபையில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது பற்றியது. அது இன்றுவரை நிறைவேறவில்லை. இரண்டாவது, உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே மாற்றினால் அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்பது. 200 வருஷத்துக்கும் மேல் கிடந்து, 1992-இல் 27-ஆவது திருத்தமாக உயிர்பெற்றது. அதை மறுபடி கிளப்பிவிட்டவர் கிரெகரி வாட்சன் என்ற டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர். 1982-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்தது சி கிரேடு. அதற்கப்புறம் மாநிலம் மாநிலமாகக் கடிதம் போட்டு அரசியல் சாசனத்தையே மாற்ற வைத்தார். 2017-இல் பல்கலைக்கழகம் அந்த கிரேடை ஏ ஆக்கியது. இதைக் கேட்ட பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. திருத்தங்கள் எப்படி நிறைவேறுகின்றன என்று சொல்லும் சாசனத்தின் ஐந்தாம் பிரிவை அன்றைக்கு நான் தனியாக நடத்த வேண்டி வரவில்லை. பேக்கேஜ் பெட்டியிலோ ஒன்று முதல் பத்து வரை அழகாக எண் போட்டு, பின்னால் நடந்த எதற்கும் இடமில்லாமல் செய்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் பற்றிய பாடமும் இப்படித்தான். பெட்டியில் ஒரு படம், நாலு வரி. காப்பகத்தில் 1955 டிசம்பர் 1-ஆம் தேதி போலீஸ் அறிக்கையே இருக்கிறது. புகார் கொடுத்தவர் பஸ் டிரைவர் பிளேக். அவர் பெயர் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.எம்., பார்க்ஸ் பெயர் பக்கத்தில் சி.எஃப். வெள்ளை ஆண், கறுப்பினப் பெண் என்பதற்குப் போலீஸ் வைத்திருந்த சுருக்கம். கூடவே பஸ்ஸின் இருக்கை வரைபடம் ஒன்றும் உண்டு. வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்திருந்தார் என்கிறது அறிக்கை. வரைபடத்தில் எண்ணிப் பார்த்தால், முன்னால் வெள்ளையருக்கு ஒதுக்கிய 10 இருக்கைகளைத் தாண்டி, அதற்கு அடுத்த வரிசையில்தான் அவர் இருக்கிறார். பஸ் நிறைந்ததும் அந்த வரிசையையும் காலி செய்யச் சொன்னார் டிரைவர். நான்கு பேரில் மூவர் எழுந்தார்கள், பார்க்ஸ் எழவில்லை. இரண்டு தாளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதை நான் சொல்லிக் கொடுப்பதே இல்லை, பிள்ளைகளே பிடித்துவிடுகிறார்கள்.

ஒரு நகரத்து போலீஸ் தாள் மத்திய அரசின் காப்பகத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பிரவுடர் எதிர் கேல் வழக்கில் சாட்சி ஆவணமாக வந்தது. 1956-இல் அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகர பஸ்களில் இனப் பிரிவினையை முடித்து வைத்த வழக்கு அது. வழக்குத் தொடுத்த நான்கு பெண்களில் ரோசா பார்க்ஸ் இல்லை. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில் கைதான கிளாடெட் கோல்வின் இருக்கிறார். என் மாணவர்களைவிட ஓரிரண்டு வயது பெரியவர், அவ்வளவுதான்.

மற்ற இரண்டு இலவசத் தளங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் 2009-இல் தொடங்கிய ஐசிவிக்ஸ் விளையாட்டுகள் அருமை. வக்கீல் ஆபீஸ் நடத்தி, வரும் கட்சிக்காரருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று முடிவு செய்யும் விளையாட்டைப் பிள்ளைகள் வீட்டிலும் தொடர்கிறார்கள். ஓயெஸ் தளத்தில் உச்ச நீதிமன்ற வழக்குகளின் ஒலிப்பதிவு கிடைக்கிறது. டிங்கர் வழக்கை மட்டுமாவது போடுங்கள். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டியதற்காகப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட மேரி பெத் டிங்கர் அப்போது எட்டாம் வகுப்பு.

இலவசமானவற்றில் குறை இல்லையா? நிறைய இருக்கிறது. பழைய கூட்டெழுத்து பாதிப் பேருக்குப் படிக்க வராது. தட்டச்சுப் பிரதி சிலவற்றுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. வாசிப்பு நிலை பிரித்துத் தர ஆளில்லை, நான்தான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொற்பொருள் எழுத வேண்டும். திருத்துவதும் நான்தான். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர் இதை மட்டும் வைத்து வருஷம் முழுக்க ஓட்டுவது கஷ்டம். பட்டியல் போட்டு மதிப்பெண் கொடுத்தால் பேக்கேஜ்தான் ஜெயிக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனாலும் தோழிக்கு என் பதில், வாங்கச் சொல்லாதே என்பதுதான். விலை பாதியானாலும் இதையேதான் சொல்வேன். ஆட்சி எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொடுக்கும் வகுப்பில், எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க வேண்டாம் என்று யாரோ முன்கூட்டியே முடிவு செய்து புள்ளி வைத்துத் தருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்கள் டிஸ்ட்ரிக்ட் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டதா? வாசிப்பு நிலைகளையும் ஸ்பானிஷையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பெட்டி வரும் பக்கத்துக்கு முந்தின நாளே முழு ஆவணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பெட்டியைத் திறந்து, அந்தப் புள்ளிகளுக்குள் என்ன போயிருக்கிறது என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், அந்தப் பணத்தில் பெரிய தாள் எடுக்கும் கலர் பிரின்டர் ஒன்று கேளுங்கள். பஸ் வரைபடமும் உரிமைகள் மசோதாவும் சின்ன க்ரோம்புக் திரையில் துண்டு துண்டாகத்தான் தெரிகின்றன. மேசை மேல் விரித்தால் நாலு பேர் சேர்ந்து குனிந்து படிக்கலாம்.