பழகிய உணவகத்தில் ஏமாற்றிய ஒரு சாப்பாடு

ஒரே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு ஒரு உணவகத்துக்கு மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சமையல்காரருக்கும் தலைவலி வரும், அடுப்பும் மக்கர் பண்ணும். ஆனால் இது வீட்டுக்குப் பக்கத்தில் பல வருடங்களாக நான் போய்வரும் இடம். பெயர் சொல்லப் போவதில்லை. சின்ன இடம், அவர்கள் பிழைப்பில் கை வைக்க மனசு வரவில்லை.

எனக்கு அந்த இடம் பிடித்துப்போகக் காரணம், சாதாரணச் சாப்பாட்டை ஒழுங்காகச் செய்வார்கள் என்பதுதான். சோறு ஆவி பறக்க வரும். பொரித்த மீன் கேட்டால், "கொஞ்ச நேரம் ஆகும், பரவாயில்லையா?" என்று முதலிலேயே கேட்பார்கள். அந்தக் கேள்வியே ஒரு உத்தரவாதம். நாம் சொன்ன பிறகுதான் மீன் எண்ணெயில் இறங்குகிறது என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு நாள் இரவு போனேன். மேஜைகள் முக்கால்வாசி காலி. மீன் சொன்னேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்த கையோடு தட்டும் வந்துவிட்டது. அப்போதே மனசுக்குள் மணி அடித்தது.

மீன் பார்க்க நல்ல கருஞ்சிவப்பு. விரலால் அழுத்தினால் சத்தமே இல்லை. தோல் சதையை விட்டு ரப்பர் போல முழுசாக உரிந்து வந்தது. ஓரம் நாக்கைச் சுடுகிறது, முள்ளை ஒட்டிய நடுப்பகுதி ஜில்லென்று இருக்கிறது. தட்டில் மீனைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் தொண்டை கமறியது.

முன்பே பொரித்து வைத்ததை மைக்ரோவேவில் சூடு பண்ணியிருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. பொரிக்கும்போது மேல்பரப்பில் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போன பிறகுதான் அந்தப் பொன்னிறமும் மணமும் வரும். சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து வேகமாக வினைபுரிவதால் வருவது அது. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மையார் பெயரிலேயே அந்த வினை இன்றும் அழைக்கப்படுகிறது. பொரித்ததை அப்படியே வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியே வந்து மொறுமொறுப்பைத் தின்றுவிடும். மைக்ரோவேவ் பெரும்பாலும் அந்த ஈரத்தைத்தான் சூடாக்கும், அதுவும் ஒரே சீராக அல்ல. ஓரம் சுட்டு நடு ஜில்லென்று இருந்த ரகசியம் இதுதான்.

கமறலுக்குக் காரணம் வேறு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கருக்கும், கெட்டியாகும், முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். எண்ணெய் சிதைந்து உண்டாகும் போலார் சேர்மங்கள் ஏறத்தாழ 25 சதவீதத்தைத் தொட்டால் அதைக் கொட்டிவிட வேண்டும் என்று பல நாடுகளில் விதியே உண்டு. சாப்பிடப் போகிறவன் இதை அளந்து பார்க்க முடியாது. தொண்டைதான் கருவி.

சோறும் சரியில்லை. மேலே சூடு, கிளறினால் உள்ளே கட்டி கட்டியாக, பருக்கை விறைத்துக் கிடந்தது. வெந்த சோற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து இறுகிவிடும், திரும்ப நன்றாகச் சூடாக்கினால் இளகிவிடும். இவர்கள் பாதியில் எடுத்துவிட்டார்கள் போல. சோற்று விஷயத்தில் ருசியோடு கதை முடிவதில்லை. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் தாக்குப்பிடிக்கும். சோற்றை ரொம்ப நேரம் வெளியே வைத்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கிளப்பும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனக்கு வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பரிமாறிய பையன் புதுசு. கூப்பிட்டுக் கேட்டேன்.

"தம்பி, இது இப்போ பொரிச்ச மீனா?"

"ஆமா சார்."

"நடுவுல ஜில்லுனு இருக்கே?"

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "எப்பவும் இப்படித்தான் சார் குடுப்போம்."

மீனை விட இந்தப் பதில்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் அதைச் சமாளிப்பதற்காகச் சொன்னதாகத் தோன்றவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கும்.

காரணம் கண்ணெதிரேயே இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் பார்சல் பைகள் வரிசையாக நிற்கின்றன. ஆர்டர் வரும் போன் ஓயாமல் சத்தம் போடுகிறது. வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே டெலிவரி ஆட்கள். அடுப்பு என்னவோ அதே பழைய அடுப்பு. போன் வழியாக ஆர்டர் போடுகிறவரிடம் "கொஞ்ச நேரம் ஆகும், பரவாயில்லையா?" என்று யார் கேட்பது? அதனால் முன்கூட்டியே பொரித்து அடுக்கிவிடுகிறார்கள். பாதி வேலையை முன்பே முடித்து வைப்பது எல்லா உணவகத்திலும் நடப்பதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். முழுசாகப் பொரித்து வைத்துவிட்டுச் சூடு மட்டும் காட்டிக் கொடுப்பது வேறு விஷயம். மெனுவும் ஒரே அட்டையாக இருந்தது இப்போது புத்தகமாகிவிட்டது. அயிட்டம் கூடக் கூட ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் விற்கும், அதுவரை உள்ளே காத்துக்கிடக்கும்.

கிளம்பும்போது முதலாளியிடம் தனியாகச் சொன்னேன். மறுக்கவில்லை. "ராத்திரி பார்சல் கூட்டத்தைச் சமாளிக்க முடியலைங்க" என்றார். மீனைப் பில்லிலிருந்து எடுத்துவிட்டார். நான் கேட்டது அதை அல்ல, ஆனாலும் சரி.

அப்புறம் ஒரு மதியம், நல்ல கூட்டத்தில் போய்ப் பார்த்தேன். மீன் கிட்டத்தட்ட பழைய தரம். எண்ணெயிலிருந்து எடுக்க எடுக்க மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தது, தங்க நேரமே இல்லை. காலியாக இருக்கும் நேரத்தில் போனால் நிதானமாகச் சமைத்துத் தருவார்கள் என்று நாம் நினைப்போம். இங்கே நேர் எதிர்.

ஆகவே இப்போதைக்கு என் கணக்கு இது: மதியம் போகலாம், இடம் கிடைக்கக் கொஞ்சம் நிற்க வேண்டி வரும். இரவில் சூப்பும் காய்கறியும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன, பொரித்ததைத் தொடாதீர்கள். பார்சல் நான் வாங்குவதில்லை.